குறட்டைக்கு ஆபரேஷனா? மொதல்ல எங்க அடைக்குதுன்னு பாருங்க

செங்கோட்டையில ஏறி கொல்லம் ட்ரெயின்ல சென்னைக்குப் போயிருந்தேன். காலைல எழும்பூர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எதிர் பெர்த்துல இருந்த மலையாளி ஒருத்தர் கண்ணு ரெண்டும் செவந்துபோயி என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம் பொறுக்க முடியாம "எந்தொரு கூர்க்கம்வலியா சேட்டா"ன்னாரு. கூர்க்கம்வலின்னா அவங்க பேச்சுல குறட்டை. வீட்ல பத்து வருசமா சொன்னப்ப காதுல வாங்காதவனுக்கு யாரோ ஒருத்தர் சொன்னதும் ரோசம் வந்துருச்சு, ஊருக்குத் திரும்புன அந்த வாரமே இதுக்கு ஆபரேஷன் இருக்காமேன்னு தேட ஆரம்பிச்சேன். கடைசியில பண்ணிக்கவும் செஞ்சேன். அதுலேருந்து புளியரையிலேருந்து தென்காசி வரைக்கும் குறட்டை விடுறவன் எல்லாம் என்கிட்ட வந்து "எவ்வளவு ஆச்சு, வலிச்சுதா"ன்னு கேக்கான். நான் டாக்டர் கிடையாது. ஆனா இதுல கேக்க வேண்டிய மொத கேள்வி அது ரெண்டும் இல்லன்னு எனக்குத் தெரியும், அதான் எழுதுதேன்.

பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவு போற வழியில ட்ரெயின் நுழையுற குகையைப் பாத்திருப்பீங்க. பாறையைக் கொடஞ்ச குகை, எவ்வளவு காத்து உள்ள புகுந்தாலும் சுவரு அசையாது. நம்ம மூக்கும் அப்படித்தான், முன்னாடி எலும்பும் குருத்தெலும்பும் தாங்கிப் புடிச்சிருக்கு. கீழ மூச்சுக்குழாய்லயும் வளையம் வளையமா குருத்தெலும்பு இருக்கு. இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தொண்டைக்கு மட்டும் அப்படி ஒரு தாங்கல் கிடையாது, சுத்தி வெறும் சதை. ஏன்னா அதே வழியிலதான் சோறும் முழுங்கணும், பேசவும் செய்யணும், அதுக்கு அது சுருங்கி விரியணும். முழிச்சிருக்கும்போது சதை இறுக்கமா நின்னு வழியைத் தொறந்து வச்சிருக்கும். தூங்குனதும் தளரும், மல்லாக்கப் படுத்தா நாக்கும் பின்னால சரியும், வழி குறுகும். குறுகுன வழியில காத்து வேகமா போகும், அப்ப அங்க தளர்ந்து தொங்குற அண்ணாக்குச் சதையும் (மேல்வாயோட பின்பக்கத்து மெத்துச் சதை) உள்நாக்கும் படபடன்னு அடிக்கும். லோடு லாரியில தார்ப்பாயைச் சரியா கட்டாம விட்டா மலையேறும்போது அடிக்குமே, அந்தச் சத்தம்தான் குறட்டை.

சத்தம் மட்டும்னா அது பக்கத்துல படுக்கிறவங்க பிரச்சனை. வழி குறுகுறதோட நிக்காம மொத்தமா ஒட்டிக்கிச்சுன்னா அது உங்க பிரச்சனை. நெஞ்சு ஏறி எறங்கும், மூச்சு இழுக்க உடம்பு முட்டும், காத்து மட்டும் உள்ள போகாது. 10 செகண்டு அல்லது அதுக்கு மேல அப்படி நின்னா அதுக்குப் பேரு ஆப்னியா. ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கும், மூளை அலறியடிச்சு உங்களைப் பாதி எழுப்பும், ஒரு பெரிய உறுமலோட மூச்சு வரும், திரும்பத் தூங்கிருவீங்க. காலைல இதுல ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியும் தலை பாரமா இருக்கும், வாய் வறண்டு கெடக்கும், மத்தியானம் உக்காந்த இடத்துல கண்ணு சொக்கும். பிபி மாத்திரை ரெண்டு மூணு போட்டும் அடங்காத சிலபேருக்குப் பின்னால இதுதான் ஒளிஞ்சிருக்கும்.

இதை அளக்க ஒரு நம்பர் இருக்கு, ஏஹெச்ஐன்னு சொல்லுவாங்க. ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை மூச்சு நிக்குது அல்லது நல்லா கொறையுதுங்கிற கணக்கு, அவ்வளவுதான். பெரியவங்களுக்கு 5க்குக் கீழன்னா சரி. 5லேருந்து 15 வரை லேசான ஆப்னியா, 15லேருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல போனா தீவிரம். இந்த நம்பர் ஸ்லீப் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுக்க வச்சு தலையில, கண்ணோரத்துல, தாடையில, காலுலன்னு வயர் ஒட்டி, மூக்குல சின்ன ட்யூப் மாட்டி, நெஞ்சுலயும் வயித்துலயும் பெல்ட் கட்டி, விரல்ல ஆக்சிஜன் கிளிப் போட்டுப் பாப்பாங்க. இத்தனையும் மாட்டிக்கிட்டு எவன்டா தூங்குவான்னு நெனச்சேன், நல்லாவே தூங்கிட்டேன். வீட்லயே மாட்டிக்கிற சின்ன மெஷினும் வந்துருச்சு, பலபேருக்கு அதுவே போதும். எனக்கு வந்த நம்பர் 11.

என் கதையில ஒரு எடத்தைச் சொல்லியாகணும். ஸ்லீப் டெஸ்ட்டுக்கு முன்னாடி நான் மொதல்ல போனது இன்னொரு எடம். அங்க வாயைத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சு அஞ்சு நிமிசம்கூட ஆகல, "லேசர் வச்சு உள்நாக்கைச் சின்னதாக்கிரலாம், அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்"னாங்க. டெஸ்ட் எதுவும் வேணாமான்னு கேட்டதுக்கு "குறட்டைதானே"ன்னு பதில். எனக்கு அப்ப சந்தோசம்தான், அட்வான்ஸ் கட்டத் தயாரா இருந்தேன், வீட்டம்மாதான் "ரெண்டு எடத்துல கேட்டுட்டுப் பண்ணுங்க, தொண்டை ஒண்ணுதான் இருக்கு"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. அவ சொன்னது எவ்வளவு பெரிய விசயம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. படபடக்கிற சதையை வெட்டிட்டா சத்தம் நின்னுரும், ஆனா அடைப்பு வேற எடத்துல இருந்தா மூச்சு நிக்கிறது அப்படியே தொடரும். முன்னாடியாவது சத்தத்தைக் கேட்டு வீட்ல உள்ளவங்க உலுக்கி எழுப்புவாங்க, இப்ப சத்தமே இல்லாம அமுங்கும், எல்லாரும் நல்லாயிட்டாருன்னு நெனப்பாங்க. லேசர்ல உள்நாக்கை எரிச்சு எடுக்கிற அந்த முறையை ஆப்னியாவுக்கு வழக்கமான வைத்தியமா வச்சுக்காதீங்கன்னு அமெரிக்காவுல தூக்க மருத்துவர்களோட சங்கமே சொல்லியிருக்கு. அதனால டெஸ்ட் இல்லாம கத்தி எடுக்கிறவங்ககிட்ட ஒரு கும்புடு போட்டுட்டு எந்திரிச்சு வந்துருங்க.

சரி, நம்பர் வந்தாச்சு. அடுத்து எங்க அடைக்குதுன்னு பாக்கணும், இதுதான் நான் மொதல்ல சொன்ன அந்தக் கேள்வி. புளியரை எஸ் வளைவுல ஒரு டாரஸ் லாரி திரும்ப முடியாம குறுக்க நின்னுச்சுன்னா என்ன ஆகும்? செங்கோட்டை வரைக்கும் வண்டி நிக்கும். அப்ப செங்கோட்டையில ரோட்டை அகலப்படுத்துனா ஜாம் போயிருமா? போகாது, வளைவைச் சரி பண்ணணும். தொண்டையிலயும் அப்படிச் சில வளைவு இருக்கு. மேல மூக்கு, அதுக்குப் பின்னால அண்ணாக்கும் உள்நாக்கும், ரெண்டு பக்கமும் டான்சிலும் தொண்டைச் சுவரும், கீழ நாக்கோட அடிப்பகுதி, அதுக்கும் கீழ மூச்சுக்குழாய் வாசல்ல மூடி மாதிரி ஒரு இலை. (நம்ம ஊர்ல டான்சில் வீங்குனாலும் "உள்நாக்கு வளந்துருக்கு"ன்னுதான் சொல்லுவோம். உள்நாக்கு நடுவுல தொங்குறது, டான்சில் ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்கிறது, ரெண்டும் வேற வேற. டாக்டர்கிட்ட பேசும்போது இது குழம்புனா எல்லாமே குழம்பிரும்.) ஒருத்தருக்கு ஒரு எடம் அடைக்கும், இன்னொருத்தருக்கு மூணு எடம் சேந்து அடைக்கும்.

முழிச்சிருக்கும்போது ஸ்கோப் விட்டுப் பாத்தா ஓரளவுக்குத் தெரியும், ஆனா ஜாம் ஆகுறது ராத்திரியில இல்ல? அதனால ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டர் பக்கத்துல இருக்க, தூக்கத்துக்கு ஊசி போட்டு நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் மூக்கு வழியா மெல்லிசான கேமரா விட்டுப் பாக்குற ஒரு டெஸ்ட் இருக்கு. ஸ்லீப் எண்டோஸ்கோப்பின்னு பேரு, 1991ல இங்கிலாந்துல எழுதுனது. எனக்கு எடுத்த வீடியோவைக் காட்டுனாங்க. என் தொண்டை ஈரத்துணி மாதிரி ரெண்டு பக்கமும் சேந்து ஒட்டுறதைப் பாத்தப்பதான் அந்த எதிர் பெர்த்துக்காரர் மேல இருந்த கோவம் போச்சு. எனக்கு டான்சில் ரெண்டும் பெருசு, அண்ணாக்குச் சதை நீளம், நாக்கடியில ஒண்ணும் பெரிய தொந்தரவு இல்ல.

ஆபரேஷன் வகைகளை எடம் வாரியாவே சொல்லிருதேன். மூக்குல நடுச்சுவரு வளைஞ்சிருந்தா நிமித்துவாங்க, உள்ள சதை வீங்கியிருந்தா கொறைப்பாங்க. மூச்சு விட நிம்மதியா இருக்கும், தூக்கமும் கொஞ்சம் நல்லா வரும், ஆனா மூக்கை மட்டும் சரி பண்ணி ஏஹெச்ஐ நம்பர் பெருசா எறங்குறது அபூர்வம். அப்படியிருந்தும் இது வீண் செலவு கிடையாது, ஏன்னா பின்னால மூக்கு வழியா காத்தை அழுத்தி அனுப்புற மெஷின் மாட்ட வேண்டி வந்தா மூக்கு தொறந்திருந்தாத்தான் அது ஒத்துக்கும்.

அண்ணாக்குதான் ரொம்பப் பேர் கைவச்ச எடம். வெறும் குறட்டை, ஆப்னியா இல்ல அல்லது ரொம்ப லேசுன்னா, ரேடியோ அலையில சூடு குடுக்கிற ஊசியைச் சதைக்குள்ள விட்டு அதை இறுகிப்போக வைப்பாங்க. மேல புண்ணு அதிகம் வராது, மரத்துப்போற ஊசி போட்டே பண்ணலாம், வலி கொறவு. ஆனா ஒரே தடவையில முடியாது, ரெண்டு மூணு தடவை போகணும், வருசம் ஆக ஆக சத்தம் திரும்பி வர்றதும் உண்டு. அண்ணாக்குக்குள்ள மூணு சின்ன நூல் குச்சி மாதிரி சொருகி விறைப்பாக்குற முறையும் இருந்துச்சு. ஒட்டடைக்குச்சி வச்சு கொட்டகைத் துணியை நிமித்துற மாதிரின்னு வச்சுக்கோங்க. இதெல்லாம் சின்ன வேலைக்குச் சின்ன கருவி. உடம்பு பெருத்து கழுத்து தடிச்சவருக்கு இதைப் பண்ணி ஒரு பிரயோசனமும் இல்ல.

பெரிய ஆபரேஷன்னா டான்சிலை எடுத்து, உள்நாக்கையும் அண்ணாக்கோட பின் ஓரத்தையும் வெட்டித் தச்சு வழியை அகலமாக்குறது. யூபிபிபின்னு நாலெழுத்துல சொல்லுவாங்க. ஆப்னியாவுக்காக இதை 1981ல அமெரிக்காவுல ஃபுஜிதாங்கிற டாக்டர் கொண்டுவந்தாரு, அதுக்கும் முன்னாடி 1964லயே ஜப்பான்ல இக்கேமாட்சு குறட்டைக்குன்னு பண்ணிப் பாத்திருக்காரு. ஆரம்பத்துல குறட்டைன்னு வந்த எல்லாருக்கும் இதையே பண்ணுனாங்க, பின்னால கணக்குப் பாத்தா ஆப்னியா உள்ளவங்கள்ல பாதிப்பேருக்குக்கூட சரியாகல. ஏன்னு 2002ல ஃப்ரீட்மன்னு ஒரு டாக்டர் பிரிச்சுக் காட்டுனாரு. டான்சில் பெருசா இருந்து, வாயைத் தொறந்தா தொண்டை நல்லாத் தெரிஞ்சு, ரொம்ப குண்டா இல்லாதவங்களுக்கு 100ல 80 பேருக்குப் பலன் கெடச்சிருக்கு. டான்சில் சின்னதா இருந்து, நாக்கு மேல ஏறி தொண்டையை மறைக்கிற மாதிரி வாய் உள்ளவங்களுக்கு 100ல வெறும் 8 பேருக்குத்தான். அதே ஆபரேஷன், அதே கத்தி, ஆனா ஆள் வேற! இன்னொண்ணும் கவனிங்க, இந்தக் கணக்குல "பலன்"ங்கிறது நம்பர் பாதியா கொறைஞ்சு 20க்குக் கீழ வர்றதுதான். முழுசா குணம்னு அர்த்தம் இல்ல, டாக்டர் வெற்றின்னு சொன்னா எந்தக் கணக்குல வெற்றின்னு கேட்டுக்கோங்க.

இப்பல்லாம் நல்ல எடங்கள்ல வெட்டி எறியுறதைக் கொறைச்சுட்டாங்க. தொண்டையோட பக்கச்சுவத்துல இருக்கிற தசையை எடுத்து மேலயும் வெளியவும் இழுத்துத் தைக்கிற முறை 2007லேருந்து இருக்கு, முள்ளு வச்ச நூல் போட்டு இழுத்துக் கட்டுறதும் இருக்கு. ஜன்னல் திரையை வெட்டாம ஓரமா ஒதுக்கிக் கட்டுற மாதிரி. உள்நாக்கு அப்படியே இருக்கும். எனக்குப் பண்ணுனது டான்சில் எடுத்துட்டு இந்த இழுத்துத் தைக்கிற வகைதான்.

நாக்கடியில அடைக்கிறவங்களுக்கு அங்க சதையைக் கொறைக்கிறது, சூடு குடுக்கிறதுன்னு இருக்கு, லேசான ஆப்னியாவுக்கு அவ்வளவு தூரம் போறது கம்மி. மேல்தாடை கீழ்தாடை ரெண்டையும் அறுத்து ஒரு சென்டிமீட்டர் போல முன்னால நகர்த்தி வைக்கிறது பலமான ஆபரேஷன், பலனும் நல்லா இருக்கும், ஆனா அது தீவிரமா இருக்கவங்களுக்கு, தாடை உள்ள ஒடுங்குனவங்களுக்கு. நாக்கு நரம்புக்குக் கரண்டு குடுத்து ராத்திரி முழுக்க நாக்கை முன்னால தள்ளிவிடுற கருவியை நெஞ்சுல புதைக்கிறாங்க, அமெரிக்காவுல 2014ல அனுமதி குடுத்தது, மொதல்ல நம்பர் 20க்கு மேல உள்ளவங்களுக்கு, பின்னால 15க்கு மேல உள்ளவங்களுக்குன்னு ஆச்சு. 11 வச்சுக்கிட்டு அதைக் கேட்டேன், டாக்டர் சிரிச்சாரு.

வலிச்சுதான்னு கேக்குறவங்களுக்கு: வலிச்சுது. சின்னப் பிள்ளையில டான்சில் எடுத்தா ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு ஓடிரும்பாங்க, நாப்பது வயசுல அப்படி இல்ல. பத்து நாளைக்கு எச்சி முழுங்குறதே ஒரு வேலை, காது வரைக்கும் இழுக்கும், ஆறிப்போன கஞ்சியும் மோரும்தான் சாப்பாடு. குற்றாலத்துல சீசன் வேற, வீட்ல எல்லாரும் பார்டர் பரோட்டா வாங்கிட்டு வந்து என் முன்னாடியே சால்னாவுல முக்குனதை இன்னும் மறக்கல. ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தம் வர வாய்ப்பு உண்டு, வந்தா வீட்ல வச்சுப் பாக்காம ஓடணும். மொத சில நாள் தண்ணி குடிச்சா மூக்கு வழியா கொஞ்சம் வந்துச்சு, அது எனக்கு நின்னுருச்சு. ரொம்ப வெட்டுனா சிலபேருக்கு நிக்காமலே போகுமாம், பேச்சும் மூக்கால பேசுற மாதிரி ஆயிரும், தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கும். வெட்டுனதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நாலு மாசம் கழிச்சு மறுபடியும் ஸ்லீப் டெஸ்ட் எடுத்தாங்க, 4 வந்துச்சு. குறட்டை? மல்லாக்கப் படுத்தா இன்னும் லேசா உண்டுன்னு வீட்டம்மா சொல்லுதா.

எனக்கு நடந்ததைப் பாத்துட்டு என் மச்சான் வந்தாரு. புனலூர் கொல்லம் பக்கமெல்லாம் காய்கறி லோடு அடிக்கிறவரு, ராத்திரி ஓட்டம். "மாப்ள, உனக்குப் பண்ணுன அதே ஆபரேஷனை எனக்கும் பண்ணச் சொல்லு, ஸ்டியரிங்லயே கண்ணு சொருகுது"ன்னாரு. அதைக் கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, மொதல்ல வண்டியை நிறுத்துங்கன்னு சொல்லி டெஸ்ட்டுக்கு இழுத்துட்டுப் போனேன். நம்பர் 42. டான்சில் சுண்டக்காய் சைஸ், நாக்கு பெருசு, கழுத்துச் சுத்தளவு 43 சென்டிமீட்டர். என் ஆபரேஷனைச் செஞ்சிருந்தா அந்த 100ல 8 பேர் கணக்குலதான் போயிருப்பாரு. அவருக்கு சி-பேப் மெஷின் குடுத்தாங்க. மூக்குல மாஸ்க் மாட்டி காத்தை அழுத்தமா உள்ள அனுப்பும், அந்தக் காத்தே தொண்டையை உள்ளேருந்து தாங்கிப் புடிக்கும். இதுவும் 1981தான், ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்னு ஒருத்தர் கண்டுபுடிச்சாரு. அதுக்கு முன்னாடி தீவிரமான ஆப்னியாவுக்கு இருந்த ஒரே நிச்சயமான வழி கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கிறதுதான், நெனச்சுப் பாருங்க. மச்சானுக்கு மொத வாரம் மாஸ்க்கைப் பாத்தாலே எரிச்சல், "பிள்ளையள் என்னைப் பாத்து யானைங்குதுவ"ன்னு பொலம்புனாரு. ஒரு மாசம் கழிச்சு மதினி சொன்னா, அவரு இப்ப மத்தியானம் தூங்குறதே இல்லன்னு.

உங்க நம்பர் என்னை மாதிரி லேசா இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே பண்ணிப் பாக்க வேண்டியது நெறைய இருக்கு. எடை பத்துல ஒரு பங்கு கொறைஞ்சா ஏஹெச்ஐ சராசரியா கால் பங்கு கொறையும்னு அமெரிக்காவுல விஸ்கான்சின் ஆளுங்களை வருசக்கணக்கா பாத்து 2000ல எழுதியிருக்காங்க. மல்லாக்கப் படுத்தா மட்டும் வர்றதுன்னா பனியனுக்குப் பின்னால ஒரு டென்னிஸ் பந்தை வச்சுத் தச்சிருங்க, புரண்டா குத்தும், நீங்களே திரும்பிருவீங்க. ராத்திரி குடிக்கிறது தொண்டைச் சதையை இன்னும் தளர விடும், ஆரியங்காவுப் பக்கம் போயி கள்ளு ஷாப்புல உக்காந்துட்டு வர்ற நண்பர்களுக்கு இது கசக்கும், தூக்க மாத்திரையும் அதே வேலையைத்தான் பண்ணும். பல் டாக்டர்கிட்ட அளவெடுத்துச் செய்யுற பிளேட் ஒண்ணு இருக்கு, கீழ்தாடையைக் கொஞ்சம் முன்னால இழுத்து வச்சுக்கும், லேசான ஆப்னியாவுக்கு நல்லாவே வேலை செய்யும். ஆஸ்திரேலியப் பழங்குடிங்க ஊதுற நீளக் குழலை சுவிட்சர்லாந்துல ஆப்னியா உள்ளவங்களுக்கு நாலு மாசம் ஊதப் பழக்கி, பகல் தூக்கமும் நம்பரும் கொறைஞ்சுதுன்னு 2006ல எழுதுனாங்க. நம்ம நாதஸ்வரக்காரங்க குறட்டை விடுறாங்களான்னு யாராவது கணக்கெடுத்தா நல்லா இருக்கும்.

பிள்ளைங்க விசயம் மட்டும் வேற. சின்னப் பிள்ளை தினம் ராத்திரி குறட்டை விட்டு, வாயைத் தொறந்துக்கிட்டே தூங்கி, பகல்ல தூங்கி விழாம அதுக்கு நேர்மாறா துறுதுறுன்னு அலைஞ்சு படிப்புல கவனம் இல்லாம இருந்தா "நல்லா அசந்து தூங்குதான்"னு சிரிக்காதீங்க. அவங்களுக்கு மணிக்கு ஒண்ணுக்கு மேல நின்னாலே கணக்குல வரும். பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினாய்டும்தான் காரணம், அதை எடுக்கிற ஆபரேஷன்தான் அங்க மொத வைத்தியம்.

அப்புறம் எந்த ஆபரேஷனா இருந்தாலும், குடலிறக்கமோ மூட்டோ, மயக்க டாக்டர் வந்து கேக்கும்போது குறட்டை உண்டு, ஆப்னியா உண்டுன்னு நீங்களே வாயைத் தொறந்து சொல்லுங்க. மயக்க மருந்தும் வலி ஊசியும் தொண்டையைத் தூக்கத்தைவிட அதிகமா தளர விடும். மெஷின் வச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போற பையில அதையும் எடுத்து வச்சுக்கோங்க, மச்சான் போன மாசம் மூலத்துக்கு அட்மிட் ஆனப்ப மறந்துட்டுப் போயி, ராத்திரி பத்து மணிக்கு நான்தான் பைக்ல கொண்டுபோய்க் குடுத்தேன்.